கோபுரத்துக்குப் போன வண்டியும் நாங்கள் ஏறிய வண்டியும்

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியம் இல்லை. அதன் கதை இந்தக் கடிதத்தின் நடுவில் வரும், அதுவரை அதை மறந்திருக்கவும்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று யோசிப்பீர்கள். காரணம் உங்கள் அத்தைதான். அவள் போன் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நான் பேசினாலும் வந்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் போவாள். நான் உங்களிடம் ரகசியமாக ஒன்று சொன்னால் அடுப்பில் இருக்கும் குக்கர் முதல் மாடி வீட்டு வக்கீல் வரை எல்லோரும் கேட்டு முடித்துவிடுவார்கள். இப்போது எழுதப்போவதோ அவள் காதுக்குப் போகவே கூடாத சமாச்சாரம். படித்ததும் கிழித்துப் போடவும். மகளிடம்கூட மூச்சு விட வேண்டாம். அவள் வயிற்றில் எதுவும் தங்காது என்பது கல்யாணம் ஆன இந்த ஆறு வருஷத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஆசை ஆசையாக ஏற்பாடு செய்துகொடுத்த இரண்டு நாள் சுற்றுலாவுக்கு நாங்கள் போகவில்லை. பதற வேண்டாம். வீட்டிலும் உட்காரவில்லை. வேறொரு சுற்றுலாவுக்குப் போனோம். அது எப்பேர்ப்பட்ட சுற்றுலா என்று சொல்ல ஆரம்பித்தால், மாப்பிள்ளை, எழுதும்போதே பேனா துள்ளுகிறது. உலகத்தில் எத்தனை பேர் எத்தனை ஊருக்குப் போகிறார்கள், வருகிறார்கள், படத்தைக் காட்டி நம் உயிரை வாங்குகிறார்கள். நாங்கள் பார்த்ததை அதில் ஒருவராவது பார்த்திருப்பாரா? சத்தியமாக இல்லை.

முதலில் என் நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் உங்கள் அத்தை பெட்டியின் மேல் உட்கார்ந்து அதை மூடிக்கொண்டே, "இதுதான் கடைசி. இந்தத் தடவையும் ஏதாவது கோளாறு பண்ணினீங்கன்னா இனிமே ஜென்மத்துக்கும் உங்ககூட எந்த வண்டியிலயும் ஏறமாட்டேன். அவ்வளவுதான் சொல்வேன்" என்றாள். அவள் அவ்வளவுதான் சொல்வேன் என்றால் உண்மையிலேயே அவ்வளவுதான். நான் முன்னே அவளை அருவி பார்க்க அழைத்துப்போய், தண்ணீர் இல்லாத மாதத்தில் ஒரு பெரிய பாறையை மட்டும் காட்டி, பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. அந்தப் படம் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. நான் கழற்றினால் அவள் திரும்ப மாட்டிவிடுகிறாள். எனக்கோ இப்போதுதான் ஓய்வு கிடைத்திருக்கிறது. இனி இருக்கிற காலத்தில் நாலு இடத்துக்கு அவளோடு போய்வர வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. தனியாகப் போய் நான் எந்த இடத்தைப் பார்த்து என்ன செய்ய?

இரண்டாவது விஷயம், என் கண். நாற்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவனுக்குத் தூரத்துப் பார்வை மங்கல் என்பதை வெளியில் சொல்ல முடியுமா? கடைக்காரனே கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றால் வருகிறவன் என்ன நினைப்பான்? அதனால் போடாமலே காலத்தை ஓட்டிவிட்டேன். டாக்டரிடம் போனாலும் ஆபத்து இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டை எனக்கு மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே மனப்பாடம். போன தடவை வேகத்தில், அட்டையின் அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். டாக்டர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

இந்தக் கண்ணோடுதான் ரயிலை விட்டு இறங்கி அந்த ஊர் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றேன். நீல வண்டி என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். நீலத்தில் இரண்டு நின்றன. பலகை எழுத்து எனக்குப் புழுதி மாதிரி தெரிந்தது. உங்கள் அத்தையிடம் "படிச்சுச் சொல்லு" என்று கேட்டால் நாற்பது வருஷ மானம் அந்த வாசலிலேயே போய்விடும். அதனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வா, இதுதான்" என்று பக்கத்தில் இருந்த வண்டியை நோக்கி நடந்தேன். அவளும் ஒரு வார்த்தை பேசாமல் பின்னாலேயே வந்து ஏறினாள். கழுத்தில் விசில் தொங்கவிட்டிருந்த ஒருவர் வாசலில் நின்று தலைகளை எண்ணினார். கணக்கு சரியாக வந்ததில் அவருக்கு மகா சந்தோஷம். விசிலை ஊதினார். வண்டி கிளம்பியது.

ஏறி உட்கார்ந்ததும் எனக்கு லேசாக உறுத்தியது. சுற்றுலா போகிறவர்கள் மாதிரி ஒருவரும் இல்லை. கழுத்தில் கேமரா இல்லை, தலையில் தொப்பி இல்லை. முன் சீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் தெருவின் நடுவில் இருந்த பாதாளச் சாக்கடை மூடியைக் காட்டி, "பாருங்க, பழைய வார்ப்பு. எவ்வளவு கனம், எவ்வளவு அழகு" என்று உருகினார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்று பார்த்தார். அதற்குள் விசில்காரர் மைக்கைப் பிடித்தார். "குடிநீர், கழிவுநீர்ப் பணியாளர் சங்கத்தோட இந்த வருஷச் சுற்றுலாவுக்கு எல்லாரையும் வரவேற்கிறேன். ரெண்டு நாள்ல தண்ணி எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு முழுசாப் பார்த்துடப் போறோம்!" வண்டியே கைதட்டியது. மெதுவாகத் திரும்பி உங்கள் அத்தையைப் பார்த்தேன். நல்லவேளை, அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், காற்றில் எதுவும் காதில் விழவில்லை.

"என்னங்க சொல்றாரு அவரு?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை, அந்த நிமிஷத்தில் என் நாக்கில் யார் வந்து உட்கார்ந்தார்களோ தெரியவில்லை. "மாப்பிள்ளை நமக்குன்னு ஸ்பெஷலா ஏற்பாடு பண்ணியிருக்காரு. எல்லாரும் போற இடத்துக்கு நாம எதுக்குப் போகணும்? உலகத்துல ஒருத்தரும் எட்டிப் பார்க்காத இடமாக் காட்டப் போறாங்களாம்" என்றேன்.

"அப்படியா? மாப்பிள்ளைக்கு எம்மேல எவ்வளவு பிரியம் பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆகவே இந்த ஏற்பாடு உங்களுடையது. அவள் கேட்டால் "ஆமாம் அத்தை, நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடவும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

முதலில் ஒரு பூங்காவில் இறக்கினார்கள். பூச்செடி, ஊஞ்சல், ஓடுகிற குழந்தைகள். இதில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், புல்வெளி நடுவில் ஓர் இரும்புக் கதவைத் தூக்கினார்கள். படிக்கட்டு கீழே போனது. எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ், தலைக்கவசம், கையில் டார்ச். இறங்கினால், மாப்பிள்ளை, பூமிக்கடியில் ஒரு மண்டபம்! செங்கல் தூண்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. தூணுக்கு நடுவில் அசையாத தண்ணீர். டார்ச்சை அடித்தால் தூண்கள் தண்ணீருக்குள்ளும் தலைகீழாக நிற்கின்றன. மேலே குழந்தைகள் ஊஞ்சல் ஆடுவது யாருக்குத் தெரியும், கீழே இப்படி ஓர் அரண்மனை இருப்பது யாருக்குத் தெரியும்? பழைய காலத்துக் குடிநீர்த் தொட்டியாம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் கொஞ்சம் பின்தங்கிவிட்டேன். உங்கள் அத்தை முன்னால் இருந்து "ஏங்க!" என்று ஒரு குரல் கொடுத்தாள். அந்தக் குரல் ஒவ்வொரு தூணாகப் போய் மோதி, ஏங்க, ஏங்க, ஏங்க என்று நாலாபக்கமும் இருந்து வந்தது. பழக்கதோஷத்தில் நான் ஒவ்வொன்றுக்கும் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று பதில் சொல்ல, அதுவும் போய் மோதித் திரும்பி வர, எங்கள் குடும்ப வாழ்க்கை முழுவதும் அந்த மண்டபத்தில் ஒரு முறை ஒலித்து ஓய்ந்தது. சங்கத்து ஆட்கள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள்.

அங்கேயே விசில்காரரை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துப்போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அட, அப்போ எங்க ஆளுங்க ரெண்டு பேர் வரலை சார். அவங்க சாப்பாடு வீணாத்தான் போகப் போகுது. நீங்க பாட்டுக்கு இருங்க" என்று சொல்லி, வராத அந்த இரண்டு பேரின் பதவி அட்டைகளை எங்கள் இருவருக்கும் குத்திக்கொள்ளக் கொடுத்தார். எனக்குப் பம்பு மேற்பார்வையாளர். உங்கள் அத்தைக்கு ஆய்வுக்கூட உதவியாளர். இது என்ன என்று அவள் கேட்டாள். இந்தச் சுற்றுலாவில் வருகிறவர்களுக்குக் கௌரவமாக ஒரு பதவி கொடுப்பது வழக்கம் என்றேன். "வீட்டுல ஒரு குழாய் ஒழுகினா எட்டிப் பார்க்க மாட்டீங்க. உங்களுக்கு மேற்பார்வையாளரா?" என்றாள். மற்றபடி சந்தேகம் எதுவும் வரவில்லை.

அடுத்தது பம்பு வீடு. வெளியே பார்த்தால் பள்ளிக்கூடக் கட்டடம் மாதிரி சாதாரணமாக இருக்கிறது. உள்ளே இரண்டு மாடி உயரத்துக்குப் பச்சை இரும்பு இயந்திரங்கள், பித்தளைப் பிடிகள் எல்லாம் துடைத்துத் துடைத்துத் தங்கமாக மின்னுகின்றன. அவை எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டனவாம். ஆனாலும் வாரம் ஒரு தடவை, உடம்பு பிடித்துக்கொள்ளக் கூடாதென்று ஓடவிடுகிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு யாராவது இப்படிச் செய்தால் தேவலை. அன்றைக்கு ஓடவிடுகிற நாள். பெரிய சக்கரத்தைத் திருப்ப யாராவது வாருங்கள் என்றதும், நான் கையைத் தூக்குமுன் ஆய்வுக்கூட உதவியாளர் போய் நின்றுவிட்டாள்! முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் சக்கரத்தைத் திருப்ப, தரை அதிர்ந்தது, அந்த யானை போன்ற இரும்பு மெதுவாக எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து மூச்சு விட்டது. அவள் இறங்கி வந்து, "பார்த்தீங்களா, நான் ஓட்டினேன்" என்று என் தோளைத் தட்டினாள். தட்டினாள் மாப்பிள்ளை! கடைசியாக அவள் என் தோளைத் தட்டியது கரப்பான்பூச்சி உட்கார்ந்திருந்தபோது.

இரண்டாம் நாள்தான் முழங்கால் விஷயம். ஊருக்கு வெளியே கழிவுநீரைத் தேக்கிச் சுத்தப்படுத்தும் குளங்கள் இருக்கின்றன. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இறங்கினேன். வாசனை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் பறவைகள்! எந்தெந்தக் கண்காணாத தேசத்திலிருந்தோ பறந்து வந்து, உலகத்துக் கடற்கரையை எல்லாம் விட்டுவிட்டு, நம் வீட்டு அழுக்குத் தண்ணீர் வந்து தெளிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. என் கண்ணுக்கு முதலில் குளம் முழுவதும் வெள்ளைத் துணி காயப்போட்டது போல்தான் தெரிந்தது. அதை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று கிட்டப் போனேன், இன்னும் கிட்டப் போனேன், காய்ந்த தரை என்று நான் கால் வைத்தது தரையாக இல்லை. இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டேன். துணி எல்லாம் ஒரே சமயத்தில் இறக்கை முளைத்துப் பறந்தது. ஒரு வண்டி நிறைய வல்லுநர்கள் இருக்கும்போது இப்படி விழ வேண்டும், மாப்பிள்ளை, அவர்கள் முகத்தில் வந்த உற்சாகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் கயிறு, ஒருவர் பலகை, ஒருவர் "அசையாதீங்க, இது மூணாவது நிலைக் கசடு, உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது" என்று ஆறுதல். வெளியே இழுத்து, நிற்க வைத்து, எந்த அழுத்தத்தில் குழாயைத் திறந்தால் என்மேல் இருப்பது போகும் என்று இரண்டு பேர் வாக்குவாதம் செய்து, இருவர் சொன்ன அழுத்தத்திலும் ஒவ்வொரு முறை கழுவினார்கள். அந்தக் களேபரத்தில்தான் முழங்கால் பிசகியது.

நான் பயந்தது முழங்காலுக்காக இல்லை. போச்சு, எல்லாம் போச்சு, இனி அவள் எந்த வண்டியிலும் ஏறமாட்டாள் என்றுதான் பயந்தேன். ஒரு மண்வண்ணச் சீருடையை மாட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த வடிகட்டிக் கூடத்தில் என்னைக் காயவைத்தார்கள். அங்கேதான் சாக்கடைத் தண்ணீர் கம்பிவலை வழியாக வருமாம். வலையில் மாட்டுகிற சாமான்களைத் தொழிலாளிகள் கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்து, கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பல் செட்டுகள், சாவிகள், ஒற்றைக் காது பொம்மை, கல்யாண மோதிரம், ஓடாத கைக்கடிகாரம், யாரோ கோபத்தில் தூக்கிப் போட்ட புல்லாங்குழல். எந்த அருங்காட்சியகத்தில் இப்படி நம் ஜனங்களின் வீட்டுக் கதையைப் பார்க்க முடியும்? ஒரு தட்டு முழுக்க மூக்குக்கண்ணாடிகள். தொழில் புத்தி விடுமா? ஒன்றைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மூக்கில் மாட்டினேன்.

கூடத்தின் அந்தக் கோடியில் உங்கள் அத்தை நின்றிருந்தாள். சங்கத்துப் பெண்கள் நாலு பேருக்கு நடுவில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்தில் இருந்து அவள் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மாப்பிள்ளை, பெரியவன் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். இத்தனை வருஷமும் எட்ட இருந்து அவள் என்னைப் பார்த்தால் சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. முறைக்கிறாள் என்றே வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திவிட்டேன். எத்தனை சிரிப்பைத் தவறவிட்டேனோ. கண்ணாடியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

கடைசியாக ஊருக்கே தண்ணீர் கொடுக்கும் உயரமான தொட்டியின் மேல் ஏற்றினார்கள். என் முழங்காலுக்காக எல்லோரும் படிக்குப் படி நின்று நின்று ஏறினார்கள். மேலே போனால் ஊர் முழுவதும் காலடியில். அந்தக் கோடியில் நீங்கள் எங்களுக்காக டிக்கெட் எடுத்த அந்தப் பிரசித்தி பெற்ற கோபுரமும் தெரிந்தது. நான் விடுவேனா? "அதோ பார், அதையும் மாப்பிள்ளை காட்டிட்டார். கீழ வரிசையில நின்னு கால் கடுக்காம, இங்கேருந்தே பார்த்தாச்சு" என்று கையை நீட்டிக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். ஆகவே நீங்கள் டிக்கெட் எடுத்தது வீணாகவில்லை. அந்த மனக்குறை உங்களுக்கு வேண்டாம்.

ஊர் திரும்பினதில் இருந்து அவள் வாய் ஓயவில்லை. மாடி வீட்டு வக்கீல் மனைவி போன மாதம் பார்த்துவிட்டு வந்த அரண்மனையைப் பற்றி ஆரம்பித்தால் போதும், "அதெல்லாம் எல்லாரும் பார்க்கிறதுதானே" என்று ஒரே வெட்டு. நேற்று பாத்திரம் கழுவும்போது தொட்டி ஓட்டையைக் குனிந்து பார்த்து, "போ, போ, அங்க பறவைங்க காத்துக்கிட்டிருக்கு" என்று தண்ணீரை வழியனுப்பினாள். எனக்கு வேறு என்ன வேண்டும்?

ஆகையால் உங்களிடம் கேட்பது இரண்டு. முதலாவது, ஏற்பாடு உங்களுடையது என்பதை மறக்க வேண்டாம். உண்மை வெளிப்பட்டால் நான் கூடத்துப் பாறைப் படத்துக்குப் பக்கத்தில் நிரந்தரமாக உட்கார வேண்டியதுதான். இரண்டாவது, எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வேண்டும். தூரப் பார்வைக்கு, மைனஸ் இரண்டே கால். அலமாரியில் இருந்ததைக் கையில் பிடித்ததுமே எனக்கு அளவு தெரிந்துவிட்டது. இந்த ஊரில் வாங்கினால் பழைய வாடிக்கைக்காரர்கள் வீடு தேடி வந்து பேசுவார்கள். உங்கள் ஊரிலேயே வாங்கி, மருந்து என்று எழுதி அனுப்பவும். இனிமேல் வண்டிப் பலகையை நானே படித்து, சரியான வண்டியில் அவளை ஏற்றி, உலகத்தை ஒரு சுற்று காட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

முழங்கால் காரணமாக அஞ்சலகம் வரை நடக்க முடியவில்லை. உறையை நன்றாக ஒட்டி அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன். ஒட்டிய உறையைப் பிரிக்கிற குணம் அவளுக்குக் கிடையாது. மகளுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், தொட்ட காரியம் துலங்கி, எந்த வண்டியில் ஏறினாலும் நல்ல இடத்தில் இறங்கி, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
(பம்பு மேற்பார்வையாளர், கௌரவம்)

பின்குறிப்பு:

மாப்பிள்ளை, இது அத்தை எழுதுறேன். உங்க மாமா உறையை நல்லாத்தான் ஒட்டினார். லெட்டரை உள்ள வைக்காம ஒட்டிட்டார். அது மேசை மேலயே கிடந்தது. கிடந்தா படிக்காம என்ன பண்றது?

அந்தப் பலகை எனக்கு ஸ்டேஷன் படியில இறங்கும்போதே தெரிஞ்சுது. ஒண்ணுல கோபுரம் படமே போட்டிருந்தது. இன்னொண்ணுல குடிநீர், கழிவுநீர்ப் பணியாளர் சங்கம்னு என் கை அகலத்துக்கு எழுதியிருந்தது. கூப்பிடலாம்னு வாயெடுத்தேன். ஆனா அவர் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நடந்த அழகைப் பார்த்ததும் மனசு வரலை. அதோட, கோபுரத்தைத்தான் காலண்டர்ல வருஷம் பூரா பார்க்கிறேனே. நான் கழுவி ஊத்துற தண்ணி எங்க போகுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தராவது எனக்குக் காட்டினாங்களா? மைக்ல விசில்காரர் பேசினது எல்லாம் நல்லாவே கேட்டுது. வண்டி மாறி ஏறினது எனக்குத் தெரியும், அவர்கிட்ட மட்டும் காட்டிக்காதீங்கன்னு வண்டியில இருந்த அத்தனை பேருக்கும் முதல் நாளே நான் சொல்லிட்டேன். வடிகட்டிக் கூடத்துல நாங்க சிரிச்சதும் அதுக்குத்தான். அப்புறம், தொட்டி மேல நின்னு அவர் கோபுரம்னு காட்டினாரே, அது ஒரு புகைபோக்கி.

அடுத்த வருஷம் அவங்க சங்கம் ஒரு அணைக்கட்டோட வயித்துக்குள்ள போய்ப் பார்க்கப் போறாங்களாம். சுவருக்குள்ளேயே சுரங்கம் இருக்காம். விசில்காரர்கிட்ட ரெண்டு சீட் சொல்லி வச்சுட்டேன். நீங்க வழக்கம்போல ஏதாவது கோபுரத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறதா மாமாகிட்ட சொல்லுங்க. அவர் தானாவே சரியான வண்டியில தப்பா ஏறிடுவார். நான் சிரிக்கிறது தெரியணும்னா கிட்ட வந்து உட்காரட்டும், நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? அந்தக் கண்ணாடியை மட்டும் அனுப்பிடாதீங்க.